தவிடு போன வழி: நெல் ஆலையும் உடல்நலமும் பற்றிய ஒரு மறுவிசாரணை

கேள்வி

அரிசியைப் பற்றி நம்மிடையே இரண்டு கதைகள் உலவுகின்றன. முன்னோர் உரலில் குத்திய அரிசியை உண்டு திடமாக வாழ்ந்தார்கள், ரைஸ் மில் வந்ததும் தவிடு போயிற்று, தவிட்டோடு உடல்நலமும் போயிற்று என்பது முதல் கதை. மில் வந்ததால்தான் பெண்களின் தோள் வலி தீர்ந்தது, அரிசியில் சத்துக் குறைந்தால் அறிவியல் அதைத் திரும்பச் சேர்த்துவிடும் என்பது இரண்டாவது. முதல் கதையை இயற்கை உணவு ஆர்வலர்களும் இரண்டாவதை உணவுத் தொழில்துறையும் அரசு அறிக்கைகளும் சொல்கின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு சாராரும் ஆதாரத்தில் தங்களுக்கு உகந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இக்கட்டுரை கேட்பது ஒரே கேள்வி: நெல் ஆலை என்ற தொழில்நுட்பம் அரிசி உண்போரின் உடல்நலத்தைக் கெடுத்ததா? கெடுத்தது என்றால் எந்த வழியில்?

சைக்கிள், தையல் எந்திரம், தட்டச்சுப் பொறி ஆகியவற்றோடு நெல் ஆலையையும் சேர்த்து, இந்திய அன்றாட வாழ்வை மாற்றிய சிறு எந்திரங்களின் வரலாற்றை வரலாற்றாய்வாளர் டேவிட் அர்னால்டு 2013இல் நூலாக எழுதினார். அணைக்கும் ரயிலுக்கும் தந்த கவனத்தை இத்தகைய எந்திரங்களுக்கு நம் வரலாற்றெழுத்து தரவில்லை. அந்த நால்வரிசையில் உடலுக்குள் நேரடியாகப் புகுந்தது நெல் ஆலை மட்டுமே. மற்ற மூன்றும் வேலையை மாற்றின. இது வேலையோடு சோற்றையும் மாற்றியது.

வெண்மை என்ற பழைய ஆசை

வெள்ளை அரிசி மீதான விருப்பத்தை ஆலைதான் உண்டாக்கியது என்பது பொதுவான நம்பிக்கை. நம் இலக்கியமே இதை மறுக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தைச் சொல்லும் பொருநன், வரி நீங்கத் தீட்டிய, முனை முறியாத அரிசிச் சோற்றைப் போற்றுகிறான். தவிட்டின் கோடு தெரியாத, முழுதாக நிற்கும் அரிசி அன்றே அரச விருந்துக்கு உரியது. பின்னாளிலும் வசதியுள்ள வீடுகளில் விருந்துக்கு அரிசியை மறுபடி தீட்டுவது வழக்கமாக இருந்தது.

ஆக, கைக்குத்தல் அரிசி என்றாலே தவிடு நிறைந்தது என்று கொள்வதற்கில்லை. உலக்கையாலும் வெண்மை வரும். ஆனால் அதற்கு விலை உண்டு. ஒவ்வொரு படி வெண்மைக்கும் இன்னும் எத்தனையோ முறை உலக்கை ஏறி இறங்க வேண்டும், நொய் கூடும், குத்துகிறவர் களைத்துப் போவார். அதனால் ஏழை வீட்டு அரிசி இயல்பாகவே பழுப்பாக நின்றது. ஆலை இந்த விலையை நீக்கிவிட்டது. அரசனின் சோற்று நிறம் கூலிக்காரரின் தட்டுக்கும் வந்தது. இதில் சமத்துவத்தின் ஒரு மகிழ்ச்சி இருந்ததை நாம் மறக்கக் கூடாது. பழுப்பரிசி ஏழ்மையின் அடையாளமாக இருந்த சமூகத்தில் வெள்ளைச் சோறு உண்பது வெறும் நாக்கின் விருப்பமாக இருந்ததில்லை.

வணிகத்திற்கும் வெண்மை வேண்டியிருந்தது. தவிட்டில் எண்ணெய் உண்டு, அதைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே உண்டு. உமி நீங்கிய பழுப்பரிசி அதனால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும். ரங்கூனிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ கப்பலேறி, கிடங்குகளில் தங்கி, மாதங்கள் கழித்து உலையில் விழவேண்டிய அரிசிக்குத் தவிடு இடைஞ்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவிலும் சயாமிலும் எழுந்த நீராவி ஆலைகள் அதை அடியோடு நீக்கிப் பளபளக்கத் தீட்டின. அடுத்து வந்தது சிறிய எந்திரம். காப்பிக்கொட்டையின் தோலை நீக்குவதற்காகப் பிரேசிலில் எங்கெல்பர்க் வடிவமைத்த அதை, 1880களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரக் கம்பெனி ஒன்று செய்து விற்றது. நம் ஊர்களில் ஹல்லர் என்று அழைக்கப்படுவது அதன் வழிவந்ததே. உமி நீக்குவதும் தவிடு தீட்டுவதும் அதன் இரும்பு உருளைக்குள் ஒரே உரசலில் நடந்துவிடும். முதலில் எண்ணெய் எஞ்சினிலும் பிறகு மின்சாரத்திலும் ஓடி அது சிற்றூர்வரை வந்து சேர்ந்தது.

கோழிகளும் கைதிகளும்

ஆலை அரிசி உயிரைக் குடிக்கும் என்பதற்கான முதல் வலுவான ஆதாரம் பெரிபெரி நோயிலிருந்து கிடைத்தது. கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், முடிவில் இதயம் நின்றுபோகும். ஜப்பானியக் கடற்படைக் கப்பல் ரியூஜோ 1883இல் நெடும் பயணம் முடித்துத் திரும்பியபோது 376 பேரில் 169 பேருக்கு இந்நோய் கண்டிருந்தது. 25 பேர் இறந்திருந்தனர். மருத்துவர் தக்காக்கி கனேஹிரோ உணவை மாற்றி அடுத்த ஆண்டு இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்பினார். ஒருவர்கூட நோயால் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் நம்பினார். தீர்வு சரியாக அமைந்தது, விளக்கம் தவறாக இருந்தது. இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான் நகர்கிறது.

பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு இராணுவ மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகத் தேறின. இடைக்காலத்தில் மட்டும் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும் அவை பிழைத்துக்கொண்டன. இதையடுத்து ஜாவாவின் 101 சிறைகளின் உணவையும் நோயையும் மருத்துவ அதிகாரி வோர்டர்மன் ஒப்பிட்டார். பழுப்பரிசி உண்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நோய் இருந்தது. தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர். ஐக்மன் இதற்குத் தந்த விளக்கம் என்ன? சோற்று மாவில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றார். உணவில் ஏதோ ஒன்று இல்லாமல் போவதே நோய் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கெரிட் கிரைன்ஸ். 1929இல் நோபல் பரிசு ஐக்மனுக்குக் கிடைத்தது. கிரைன்ஸுக்கு அதில் பங்கில்லை.

கிரைன்ஸின் சிந்தனை அக்காலத்தில் எவ்வளவு அரிதானது என்பதை இன்று உணர்வது கடினம். கிருமிக் கொள்கை வெற்றிக்கொடி நாட்டிய காலம் அது. நோய் என்றால் வெளியிலிருந்து ஒன்று உடலுக்குள் நுழைய வேண்டும். இல்லாத ஒன்றால் நோய் வரும் என்று கருதுவதற்குச் சொல்லே இல்லை. காசிமிர் ஃபங்க் 1912இல்தான் வைட்டமின் என்ற பெயரை முன்வைத்தார்.

மலாயாவின் மூன்று சோறு

தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் மலாயா. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்குப் பலியானார்கள். அதே வெயில், அதே மழை, அதே கொசு. ஆனால் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலிகளுக்கு அந்நோய் அரிதாகவே கண்டது. தம் வயல் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய் கிராமத்தாரும் தப்பினர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கவனித்து 1907இல் பெருநூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. இதுவும் ஆலையில் தீட்டப்பட்டதே. ஆலை அரிசி என்பதே காரணமாக இருந்தால் தமிழரும் மாண்டிருக்க வேண்டும்.

பிராடனும் நஞ்சுக் கொள்கையைத்தான் பிடித்துக்கொண்டார். பழைய பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு ஊறுகிறது, அவிப்பதால் புழுங்கலில் அது ஊறுவதில்லை என்பது அவர் வாதம். இதைச் சோதிக்க மருத்துவர் வில்லியம் ஃப்ளெச்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசியும் மறுபாதிக்கு இந்தியப் புழுங்கலும் கொடுத்தார். ஓராண்டில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. மருத்துவ வரலாற்று நூல்கள் இதைச் சிறந்த முன்னோடிச் சோதனையாகப் பாராட்டுகின்றன. அந்தப் பதினெட்டுப் பேரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். நம் சமையலறை அறிவு அறிவியல் அறிவாக மாறியதில் அவர்களின் உயிரும் கலந்திருக்கிறது.

தொடர்ந்து மருத்துவ ஆய்வாளர்களான ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாக்கினர். வெள்ளைப் பச்சரிசி உண்ட குழுவில் நோய் கண்டது. அரிசியை மாற்றியதும் நின்றது. தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே காப்புப் பொருள் இருக்கிறது என்பது 1909 வாக்கில் உறுதிப்பட்டது.

புழுங்கல் செய்த வேலை

நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. தவிட்டிலும் முளையிலும் உள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகின்றன. மாவுச்சத்து பசைபோல் இளகி உலர்ந்து இறுகுவதால் அரிசி உறுதியாகி, அரைக்கும்போதும் கழுவும்போதும் இழப்புக் குறைகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட சி. கோபாலன் குழுவினரின் உணவு மதிப்பு அட்டவணையில் நான்கு எண்கள் இதைச் சொல்லிவிடுகின்றன. 100 கிராமில் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஆலைப் பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலைப் புழுங்கலில் 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. நடுவில் உள்ள இரண்டும் ஒன்றே. அவித்தல் என்ற பழைய தொழில்நுட்பம் ஆலை என்ற புதிய தொழில்நுட்பத்தின் இழப்பை, இந்த ஒரு சத்தைப் பொறுத்தவரை, ஈடுசெய்துவிட்டது.

தமிழர் எந்த வைட்டமினையும் எண்ணி நெல் அவிக்கவில்லை. அவித்த நெல்லில் உமி எளிதில் பிரியும், நொய் விழாது, வண்டு சீக்கிரம் துளைக்காது, மழைக்கால அறுவடையின் ஈர நெல்லையும் காப்பாற்றலாம். சோறு மறுநாள் பழையதுக்கும் நிற்கும். ‘நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது’ என்று இதை வைத்துப் பெருமை பேசுவது அவர்களுடைய உண்மையான திறமையை மறைத்துவிடும். அவர்கள் தீர்த்தது சேமிப்பின் சிக்கலை, உழைப்பின் சிக்கலை. நோய்க்காப்பு உடன் வந்தது. அதுவும் எல்லார் வீட்டிலும் வரவில்லை. புழுங்கலை ஏற்கெனவே வெந்ததாகக் கருதி ஆசாரத்தின் பெயரால் பச்சரிசியையே உண்ட சாதிகள் உண்டு. பொங்கலுக்கும் படையலுக்கும் இன்றும் பச்சரிசிதான். பருப்பும் நெய்யும் காய்கறியும் கூடிய இலையில் பச்சரிசி ஆபத்தாகவில்லை. தட்டில் அரிசியைத் தவிர வேறொன்றும் இல்லாதபோதுதான் அது கொன்றது.

தமிழகமும் சேர்ந்திருந்த சென்னை மாகாணத்தில், வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடலோரத்தில், பெரிபெரி நிலைத்திருந்தது. அங்கு வழக்கம் பச்சரிசி. மருத்துவர் இராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓரறையில் தொடங்கிய ஆய்வின் பெயரே பெரிபெரி விசாரணை. அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் அரிசியின் கேள்வியிலிருந்து பிறந்தது என்றால் மிகையில்லை. தயமினை 1936இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க வேதியியலர் இராபர்ட் வில்லியம்ஸ், அக்கடலோரத்தின் தெற்கே நெல்லூரில் மதப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

மெக்காரிசனின் இன்னொரு புகழ்பெற்ற சோதனையை இத்தனை மதிப்போடு ஏற்க முடியவில்லை. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, சீக்கியர் உணவு உண்டவை மிகச் செழித்தன, மதராசி உணவு உண்டவை மிக நலிந்தன என்று வரிசைப்படுத்தினார். எலிகள் வளர்ந்தது உண்மை. ஆனால் பாலும் பருப்பும் வாங்க முடியாத வறுமையை அச்சோதனை ‘மதராசி உணவு’ என்ற பண்பாட்டுப் பெயரில் அளந்தது. போர்க்குடிகள் என்றும் பிறர் என்றும் இந்தியரைப் பிரித்த காலனியக் கண்ணோட்டத்திற்கு அது எலிகளின் சாட்சியத்தைத் தந்தது. அரிசி உண்பவர் வலுவற்றவர் என்ற எண்ணம் இன்னும் சில வாய்களில் மிச்சமிருக்கிறது.

உலக்கை பிடித்த கை

இதுவரை சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒருவர் காணாமல் போயிருக்கிறார். நெல்லைக் குத்தியவர். வள்ளைப்பாட்டு என்று ஒரு பாட்டு வகையே பிறக்கும் அளவுக்குத் தமிழகத்தில் அவ்வுழைப்பு பெண்ணுடையதாக இருந்தது. பாட்டு இருந்தது என்பதால் அது இன்பமான வேலை என்று முடிவு செய்வோர் உலக்கையைத் தூக்கிப் பார்த்திராதவர்கள். பூண் கட்டிய உலக்கையை இருவர் மாறி மாறிப் போட்டு, புடைத்து, கொழித்து, மறுபடி உரலில் இட்டு, ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோற்றுக்கான அரிசியை எடுப்பதற்குள் காலை கழிந்துவிடும். கருவுற்றவரும் பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவரும் இதற்கு விலக்கல்ல. அந்தத் தேய்மானத்தை எந்த ஆய்வுக்கூடமும் மில்லிகிராமில் அளக்கவில்லை. ஆலை உடல்நலத்தை எப்படிப் பாதித்தது என்ற கணக்கில் இது சேராவிட்டால் அக்கணக்கு பொய்.

மறுபக்கமும் உண்டு. காந்தி 1934 இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தைத் தொடங்கியபோது கையில் எடுத்த முதல் பொருள்களில் ஒன்று தீட்டாத அரிசி. சங்கத்தின் செயலாளர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆலை இருவகையில் பறிக்கிறது என்பது அவர் வாதம்: உண்பவரிடமிருந்து சத்தை, உழைப்பவரிடமிருந்து கூலியை. இரண்டாவதற்கு வங்காளத்திலிருந்து வலுவான சான்று இருக்கிறது. பிறர் நெல்லைக் குத்தி வாழ்ந்த ஏழைப் பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்கள், ஆலைகள் பெருகியபோது பிழைப்பை இழந்ததை ஆய்வாளர் முகுல் முகர்ஜி 1983இல் ஆவணங்களோடு எழுதினார். சொந்த வீட்டுக்குக் குத்தியவளுக்கு விடுதலை, கூலிக்குக் குத்தியவளுக்குப் பட்டினி. ஒரே எந்திரம் இரு பெண்களுக்கு இரு வேறு செய்தியைக் கொண்டுவந்தது. நிலமும் சாதியும் எந்தப் பெண் எந்தப் பக்கம் நிற்பாள் என்பதைத் தீர்மானித்தன.

குமரப்பாவின் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனால் கைக்குத்தலைக் காக்க வேண்டும் என்ற அவர் வாதத்தில், குத்துகிறவரின் தோளுக்குத் தரப்பட்ட இடம் சிறிது. சுதந்திர இந்தியா 1958இல் நெல் அரவைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி ஆலைகளுக்கு உரிமம் கோரியது. கைக்குத்தலைக் காக்கும் நோக்கமும் அதில் இருந்தது. ஊர் ஊராக ஹல்லர் ஓடுவதை அது நிறுத்தவில்லை. மக்கள் தேர்ந்தது தெளிவாக இருந்தது. 1997இல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

நோய் போயிற்று, ஆலை போகவில்லை

முதல் கதையைச் சொல்வோர் எதிர்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் பன்மடங்கு பெருகின. உரல் திண்ணை ஓரத்துக்குப் போனது. அதே காலத்தில் ஆந்திரக் கடலோரத்திலிருந்து பெரிபெரி ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆலைதான் காரணம் என்றால் நோய் பெருகியிருக்க வேண்டும்.

தட்டில் மற்றவை சேர்ந்ததே இதற்குப் பொருத்தமான விளக்கம் என்று கருதுகிறேன். கொஞ்சம் பருப்பு, காய், மீன், கோதுமை, மருத்துவமனையில் எளிதாகக் கிடைத்த வைட்டமின் ஊசி. நாளுக்கு 400 கிராம் ஆலைப் பச்சரிசி உண்பவருக்கு அதிலிருந்து கிடைக்கும் தயமின் 0.24 மில்லிகிராம். கழுவி வடித்த பின் அதிலும் குறையும். அதே அளவு புழுங்கலில் 0.84. அரிசி மட்டுமே உணவாக இருப்பவருக்கு இந்த இடைவெளி சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவிலானது. வேறு உணவும் உண்பவருக்கு அது ஒரு பிடி பயறில் நிரம்பிவிடும். தீட்டிய அரிசியும் வறுமையும் சேர்ந்ததே பெரிபெரி. எந்திரத்தை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினால் கூலி தப்பிவிடுகிறது.

சர்க்கரை நோயின் சாட்சியம்

இன்று வெள்ளை அரிசிமீது வைக்கப்படும் குற்றச்சாட்டு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வயது வந்தோரில் அது 11.4 விழுக்காடு. தமிழ்நாட்டில் 14.4. இதில் அரிசியின் பங்கு எவ்வளவு?

21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளியானது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்டோருக்கு, 150 கிராமுக்குக் கீழ் உண்டோரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதல். தெற்காசியாவில் மட்டும் இது 61 விழுக்காடு. சென்னையில் அளந்தபோது பொன்னி, சோனா மசூரி இரண்டின் சர்க்கரை உயர்த்தும் குறியீட்டெண்ணும் 70ஐத் தொட்டது அல்லது தாண்டியது. எழுபது என்பதே ‘அதிகம்’ என்ற வகையின் வாசல். அவித்த நெல்லைச் சற்றே தீட்டினாலும் இந்த எண் ஏறுகிறது என்று அதே நகரத்து ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். ஆக, பெரிபெரியிலிருந்து நம்மைக் காத்த புழுங்கல் இங்கே அதே அரணாக நிற்கவில்லை. தயமின் உள்ளே இறங்கும். நார்ச்சத்து இறங்காது, அது தவிட்டோடு போய்விடும்.

இத்துடன் நிறுத்தினால் வழக்கு முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் பழுப்பரிசிக்கு மாறினால் என்ன ஆகும் என்று நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. சென்னையில் பருமனான 15 பேரிடம் சில நாட்கள் நடத்தி 2014இல் வெளியான சோதனையில் இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே நகரில் 166 பேரிடம் மூன்று மாதக் கால அளவுகளில் நடத்தி 2019இல் வெளியான பெரிய சோதனையில், ஒட்டுமொத்தக் குழுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வளர்சிதை மாற்றக் கோளாறு முன்பே இருந்தவர்களிடம் மட்டும் சிறு முன்னேற்றம் இருந்தது. முதல் ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள், இரண்டாவதைச் சிலரே. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது இது: தவிடு உதவுகிறது, ஆனால் அது மட்டும் மீட்காது. உட்கார்ந்த வேலை, தட்டில் குவியும் சோற்றின் அளவு, குறைந்துபோன பருப்பும் காயும், எண்ணெய், உறக்கம் ஆகிய அனைத்தும் அந்த 14.4இல் இருக்கின்றன. வெள்ளைச் சோறு அன்று நாள் முழுதும் நாற்று நட்ட உடலுக்குள் போனது. இன்று அதே அளவு நாற்காலியில் இருக்கும் உடலுக்குள் போகிறது.

உடலுழைப்புக் குறைந்ததே காரணம் என்பதால் பெண்கள் உரலுக்குத் திரும்ப வேண்டும் என்று சிலர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது மருத்துவமும் அல்ல, மரபும் அல்ல. ஒருவரின் நோய்க்கு இன்னொருவரின் முதுகை மருந்தாக்கும் பேச்சு.

திரும்பச் சேர்த்தல்

அரிசியில் இழந்ததைத் திரும்பச் சேர்க்கும் முயற்சியாகச் செறிவூட்டிய அரிசி ரேஷன் கடைகளுக்கு வந்தது. முன்னோடித் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த மாவட்டம் திருச்சிராப்பள்ளி. அரசின் எல்லா உணவுத் திட்டங்களிலும் 2024க்குள் இது வழங்கப்படும் என்று 2021 சுதந்திர நாள் உரையில் பிரதமர் அறிவித்தார். அரிசி மாவில் சத்துகளைக் கலந்து, அரிசி வடிவிலேயே பிழிந்து, நூறு மணிக்கு ஒரு மணி என்று சேர்க்கிறார்கள். ஒரு கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், அத்துடன் ஃபோலிக் அமிலமும் பி12உம். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்ற பழைய வதந்தி இந்த மணிகளைப் பார்த்ததும் மீண்டும் எழுந்தது. அரிசி மிதக்கிறது என்று பயந்து அதைப் பொறுக்கி எறிந்த வீடுகள் எத்தனையோ. மக்களுக்கு விளக்காமல் சோற்றில் கைவைத்ததன் விளைவு அது.

இரத்தசோகை நம் பெண்களிடம் பரவலாக இருக்கிறது. இரும்பு தேவைப்படுவது உண்மை. ஆனால் தலசீமியா உள்ளவருக்குக் கூடுதல் இரும்பு கேடு செய்யக்கூடும் என்பதால், 2018ஆம் ஆண்டின் செறிவூட்டல் விதிகள் பொதியின்மேல் எச்சரிக்கை வேண்டும் என்றன. பொதியிலிருந்து பிரித்து நிறுத்துத் தரும் ரேஷன் கடையில் அந்த எச்சரிக்கையை யார் வாசித்திருப்பார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேர்க்கப்படும் மூன்றில் பி12 தவிட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. தவிட்டிலிருந்து போன தயமினோ கட்டாயப் பட்டியலில் இல்லை, விரும்பினால் சேர்க்கலாம் என்ற வகையில் நிற்கிறது. நார்ச்சத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே இதைத் ‘திரும்பச் சேர்த்தல்’ என்று சொல்வது பொருந்தாது. ஒவ்வொரு காலமும் தான் பெயரிட்டு அளக்கத் தெரிந்த சத்தை மட்டும் கணக்கில் கொள்கிறது. ஐக்மன் காலத்தில் தயமினுக்குப் பெயரில்லை, அதனால் அது குப்பையோடு போயிற்று. இன்று பெயரிடப்படாதது எது என்பதைத் தவிடுதான் அறியும். அந்தத் தவிடோ எண்ணெய் ஆலைக்குப் போகிறது, எஞ்சியது மாட்டுத் தீவனமாகிறது. அதற்கு நல்ல விலை உண்டு என்பதும் அரிசியிலிருந்து அது முழுதாக நீங்குவதற்கு ஒரு காரணம்.

எவ்வளவு தீட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முதலில் கேட்ட கேள்விக்கு என் விடையை இந்த இடத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். நெல்லிலிருந்து உமியை நீக்க எந்திரம் வந்ததில் எந்தத் தீங்கும் இல்லை. அது வந்தே ஆகவேண்டிய விடுதலை. தீங்கு நேர்ந்தது தீட்டும் அளவில். உமியை மட்டும் நீக்கி நிறுத்தவும், பாதித் தவிட்டோடு நிறுத்தவும், பளிங்காக்கவும் எந்திரத்தால் முடியும். ரப்பர் உருளை ஆலைகள் வந்தபின் உமி நீக்குவதும் தீட்டுவதும் தனித்தனிப் படிகளாகவே ஆகிவிட்டன. எங்கே நிறுத்துவது என்ற முடிவை எடுத்தவர் யார் என்பதே நான் பின்தொடர்ந்த இழை.

உரலில் அம்முடிவு குத்துகிறவரின் கையில் இருந்தது. கை ஓய்ந்த இடத்தில் வெண்மையும் நின்றது. ஊர் ஹல்லரில் அது பேச்சாக இருந்தது. வீட்டில் அவித்துக் காயவைத்த நெல் மூட்டையைச் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் கொண்டுவந்தவர்கள், ‘ரொம்பத் தீட்டாதீங்க, கஞ்சிக்குத்தான்’ என்றோ, ‘விசேஷத்துக்கு, நல்லா வெளுக்கட்டும்’ என்றோ மில்காரரிடம் சொல்ல முடிந்தது. எந்திர வாயின் இறுக்கத்தைத் திருகி அவரும் அப்படியே அரைத்துக் கொடுத்தார். தவிடும் அவர்களோடு வீட்டுக்குத் திரும்பியது. சிறு வயதில் நெல் மூட்டைக்குத் துணையாகப் போய் அந்தச் சூடான தவிட்டில் கைவைத்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

நெல் விளைவித்தவரே அரிசியைக் கடையில் வாங்கும் காலம் வந்தபோது அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. இன்று தொலைவில் உள்ள பேராலையில் நிறம் பிரிக்கும் கருவி மணி மணியாகப் பார்த்துப் பழுப்பைத் தள்ளுகிறது. சிப்பத்தின்மேல் எடை இருக்கிறது, விலை இருக்கிறது, ரகம் இருக்கிறது, அரைத்த மாதம் இருக்கிறது, எத்தனை முறை அவித்தது என்றுகூடச் சில ஆலைகள் அச்சிடுகின்றன. அரிசியின் எடையில் எத்தனை விழுக்காடு தீட்டி நீக்கப்பட்டது என்ற எண்ணை மட்டும் இதுவரை ஒரு சிப்பத்திலும் நான் பார்த்ததில்லை. ஆலையில் அந்த எண் தெரியும். தவிட்டை அவர்கள் எடை போட்டுத்தான் விற்கிறார்கள்.